வில்லங்கம்

பதிவு அலுவலகத்துப் பெண்
மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டாள்:
"நிலத்தின்மேல் வில்லங்கம் ஏதும் உண்டா?"
இல்லை என்றேன்.
ஒன்று வைக்கத்தான் வந்தேன்.

நூற்றுப் பதினெட்டு ஏக்கர்.
மேட்டில் ஓக் மரங்கள், சரிவில் புல்,
அடியில் யார் பேச்சையும் கேட்காத ஓடை.
மாடுகளை விற்று ஆறு வருடம்.
கறவைக் கொட்டிலில் இப்போது
என் டிராக்டரும்
யாருடையதோ ஒரு படகும்.

எதிர்முகட்டில் ஹோலுபெக்கின் நிலம்
அவர் இறந்த பதினோராம் மாதம் துண்டானது.
இரவில் சமையலறை ஜன்னலில் நின்று
விளக்குகளை எண்ணுவேன்.
பத்தொன்பது.
நல்ல மனிதர்கள்.
போன ஜனவரியில் என் கார் பனியில் புதைந்தபோது
மண்வாரியோடு வந்தவர்கள்
அந்த விளக்குகளிலிருந்துதான் வந்தார்கள்.
இதைச் சொல்லாமல் விட்டால்
மீதி எல்லாம் பொய்யாகிவிடும்.

நில அறக்கட்டளையிலிருந்து ஓடெட் பிளாஸ்கி வந்தாள்,
சேறு காயாத பூட்ஸோடு.
உரிமை என்பது சுள்ளிக்கட்டு என்றாள்.
உழுகிற சுள்ளி, விற்கிற சுள்ளி,
பிள்ளைக்கு எழுதிவைக்கிற சுள்ளி,
வேலிக்கு வெளியே நில் என்று சொல்கிற சுள்ளி.
எல்லாம் உங்களிடமே இருக்கட்டும்.
மனை பிரித்து வீடு கட்டுகிற ஒன்றை மட்டும்
உருவி எங்களிடம் கொடுங்கள்.
நாங்கள் அதை எரிக்க மாட்டோம், ஊன்ற மாட்டோம்,
சும்மா வைத்திருப்போம்.
"எதுவரை?"
"எப்போதும்."
செவ்வாய்க்கிழமைவரை என்பதுபோல் சொன்னாள்.

மதிப்பீட்டாளர் இரண்டு எண்கள் எழுதித் தந்தார்:
வீடு முளைக்கிற நிலம் இவ்வளவு,
வைக்கோல் மட்டும் முளைக்கிற நிலம் இவ்வளவு.
இரண்டுக்கும் இடையில் இருந்த பள்ளம்தான்
என் தானமாம்.
வரியில் கொஞ்சம் திரும்பி வரும்.
பள்ளம் பெரியது. இரண்டு நாள் தூங்கவில்லை.

அரிசோனாவிலிருந்து அண்ணன் வெர்லின் கூப்பிட்டான்.
"சொந்த நிலத்துக்கு நீயே விலங்கு பூட்டுகிறாயா, ஆர்லிஸ்?
செத்த பிறகும் அதிகாரம் செய்யப் பார்க்கிறாய்."
நான் பதில் சொல்லவில்லை.
பாதி உண்மை.
மறுபாதியை
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வழக்கறிஞர் வரிவரியாக வாசித்தார்.
ஜூலை பாதிவரை கீழ்ச்சரிவில் புல் அறுக்கக் கூடாது.
அர்ஜென்டினாவரை போய்த் திரும்புகிற போபோலிங்க் குருவிகள்
அங்கே தரையில் கூடு கட்டுகின்றன.
அதற்குள் தண்டு முற்றி
எந்த மாடும் முகம் திருப்பும் என்றேன்.
ஓடெட் ஒத்துக்கொண்டாள்.
ஒத்துக்கொண்டதால் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நாற்பத்தொரு படங்கள்.
பிடிபட்டவனை எடுப்பதுபோல்
நேராக, பக்கவாட்டில்,
திசையும் தேதியும் போட்டு.
வருடத்துக்கு ஒருமுறை வந்து
அதே இடத்தில் நின்று சரிபார்ப்பார்களாம்.
நான் விற்றுவிட்டாலும் வருவார்கள்.
வாங்கியவன் எனக்குத் தெரியாத பெயர்க்காரனாக இருந்தாலும்.

ஒரே ஒரு வட்டத்துக்கு அனுமதி:
இரண்டு ஏக்கர், ஒரு வீடு.
துலூத்தில் கப்பல் எஞ்சின் பழுது பார்க்கிற
என் மகள் கிர்சாவுக்காக,
வந்தால்.
முதலில் மேட்டில் வரைந்தேன். ஓக் வேர்கள். அழித்தேன்.
ஓடைக்கரையில் வரைந்தேன்.
வெள்ளம் வந்த வருடம் ஞாபகம் வந்தது.
கடைசியில் சாலையோரம்,
கல் மட்டும் விளைகிற மூலை.
அங்கே ஜன்னல் வைத்தால்
பத்தொன்பதும் தெரியும்.
அவர்களும் இந்தப் பக்கம் பார்த்து
எண்ணிக்கொள்ளலாம்:
ஒன்று.

"முப்பது டாலர்" என்றாள் அலுவலகப் பெண்.
சில்லறையாகவே கொடுத்தேன்.
முத்திரை விழுந்தது.

கிர்சா இன்னும் எதுவும் சொல்லவில்லை.
வட்டத்தின் நடுவில்
ஒரு மர்மாட் வளை தோண்டியிருக்கிறது,
முன்வாசல் ஒன்று, கொல்லைவாசல் ஒன்று.
அடுத்த வருடம் ஓடெட் வரும்போது
அதையும் படம் எடுக்கட்டும்.